இலங்கை ரூபாய்க்கு மத்திய வங்கி தேவைப்பட்டதா? (1884 – 1953)

தங்கக்காசு:

வணக்கம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் ஒரு சாரார் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 1950-இல் மத்திய வங்கி ஆரம்பித்ததே இலங்கை செய்த முதல் தப்பு, வெள்ளைக்காரன் விட்டுப்போன கரன்சி போர்டையே (கையில் வெளிச் சொத்து இருக்கும் அளவுக்கு மட்டும் நோட்டு கொடுக்கும் சபை) வைத்துக்கொண்டிருந்தால் ரூபாய்க்கு இந்தக் கதி வந்திருக்காது என்று. கேட்கக் கேட்க எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 1949 செப்டம்பரில் ஒரு டாலர் 4.76 ரூபாய். 2022 மே மாதம் ஏறத்தாழ 360. நடுவில் புதிதாக வந்தது என்ன? நினைத்தபோது நோட்டு அடிக்கும் ஒரு வங்கி. அவ்வளவுதானே?

இதில் பெரிய வேடிக்கை முதல் ஆளுநர் ஜான் எக்ஸ்டர். அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விலிருந்து வந்து கரன்சி போர்டுக்கு மூடுவிழா நடத்தியவர். அதே மனிதர் பிற்காலத்தில் தங்கத்தைத் தவிர வேறெதையும் நம்பாத ஆளாகிவிட்டார். தங்கம் வாங்கச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் காட்டும் அந்தத் தலைகீழ்ப் பிரமிடு அவர் போட்டதுதான். அடியில் சின்னதாகத் தங்கம், மேலே போகப் போக நோட்டு, பத்திரம், கடன் என்று விரிந்துகொண்டே போகும். கொழும்பில் செய்ததற்குப் பிராயச்சித்தமோ என்னவோ.

விவரம் தெரிந்தவர்கள் வந்து பேசுங்கள். அரசியல் சண்டை வேண்டாம்.

வல்வைச்சோழகம்:

//நடுவில் புதிதாக வந்தது என்ன?//

தம்பி, அந்த 4.76 எண்ட விலை 1967 நவம்பர் மட்டும் அசையேல்லை. மத்திய வங்கி திறந்தது 1950 ஓகஸ்ட் 28. அப்ப 17 வருசமா அந்த வங்கி நோட்டடிக்க மறந்துபோச்சோ? கணக்கு இடிக்குது.

தங்கக்காசு:

அண்ணே, விலை அசையவில்லை சரி. அந்த விலைக்கு டாலர் கிடைத்ததா என்று கேளுங்கள். 1960, 61-இல் இறக்குமதிக்கு எத்தனை பூட்டுப் போட்டார்கள்! இரண்டாம் உலகப் போருக்கு முந்தின கரன்சி போர்டு காலத்தில் டாலர் வாங்க யாராவது பர்மிட் கேட்டார்களா?

பழையபேரேடு:

இரண்டு பேரும் பொறுங்கள். கரன்சி போர்டு என்று எல்லோரும் பேசுகிறார்கள், அது என்ன செய்தது என்று யாரும் சொல்வதாயில்லை. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1884-க்கு முந்திய வருடங்களில் இலங்கையில் தாள் நாணயத்தை வெளியிட்டது தனியார் வங்கிகள். அரசாங்கத்துக்கு அதில் பங்கில்லை. அவற்றில் பெரியது ஓரியண்டல் பாங்க் கோப்பரேஷன். அதன் காசில் பெரும்பங்கு கோப்பித் தோட்டங்களில் கிடந்தது. 1869-இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சணம் தென்பட்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் மலையெல்லாம் மொட்டை. தோட்டத் துரைமாருக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை. 1884 மே 3-ஆம் திகதி ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது.

கடைக்காரன் கையில் இருந்த வங்கித் தாள் ஒரே நாளில் வெறும் கடதாசி. சம்பளம் அந்தத் தாளில், சந்தை அந்தத் தாளில். அப்போது தேசாதிபதியாக (பிரிட்டிஷ் கவர்னராக) இருந்தவர் ஆர்தர் கோர்டன். அந்த வங்கித் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று தன் பொறுப்பிலேயே அறிவித்தார். தனியார் வங்கி பட்ட கடனை அரசாங்கம் தன் தலையில் போட்டுக்கொண்டது! அன்றைக்கு அது சின்னத் துணிச்சல் இல்லை. அவர் அப்படிச் செய்திராவிட்டால் கொழும்பில் மிச்சமிருந்த வங்கிகளும் படுத்திருக்கும்.

அதே வருடம் 32-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. இனித் தாள் வெளியிடுவது அரசாங்கத்தின் வேலை, அதைப் பார்த்துக்கொள்ள நாணய ஆணையாளர் சபை. நம்முடைய கரன்சி போர்டு பிறந்தது இப்படித்தான். ஒரு வங்கி விழுந்த பயத்தில் பிறந்தது அது. ஆகவே அதன் சுபாவமும் அப்படியே: கையில் சொத்து இருந்தால் தாள் கொடு, இல்லாவிட்டால் கொடாதே.

மட்டுநகரான்:

தேசாதிபதி தன் பொறுப்பில் எல்லாத் தாளையும் காப்பாற்றினார் என்றால், மத்திய வங்கி செய்யவேண்டிய வேலையை மத்திய வங்கி இல்லாமலே 1884-இல் செய்துவிட்டார் என்று சொல்லலாமா?

பழையபேரேடு:

சொல்லலாம். ஆனால் ஒரு தரம். அடுத்த தேசாதிபதிக்கு அந்தத் துணிச்சல் இருக்கும் என்று யார் உத்தரவாதம்?

இனி அந்தச் சபை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 1941-இல் புதுச் சட்டம் எழுதிய பிறகு இருந்த நிலை இது. நுவரெலியாவில் ஒரு தோட்டம் லண்டனுக்குத் தேயிலை விற்கிறது. பவுண் லண்டன் வங்கியில் விழுகிறது. தோட்டத்தில் மாதச் சம்பளம் போட இங்கே ரூபாய் வேண்டும். வங்கி அந்தப் பவுணை இந்திய ரூபாயாக மாற்றி ஆணையாளர்களுக்கு இந்தியாவில் கட்டும். கட்டியதும் கொழும்பில் ஒன்றுக்கு ஒன்று இலங்கை ரூபாய் எண்ணிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் தொழிலாளி கைக்குப் போய், அரிசிக் கடைக்குப் போய், அங்கிருந்து அரிசி இறக்குமதி செய்த வியாபாரியிடம் போகும். அவர் வெளிநாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். தாளைச் சபையிடம் திருப்பிக் கொடுப்பார், இந்திய ரூபாய் வெளியே போகும், தாள் ஒழியும்.

தேயிலை விலை ஏறினால் நாட்டில் காசு பெருகும். விழுந்தால் காசு வற்றும். கொழும்பில் இருக்கும் ஒருவரும் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தங்கக்காசுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ரூபாய் கெடாது என்பது உண்மைதான். ஊர் கெட்டாலும் ரூபாய் கெடாது.

ஹட்டன்மூடுபனி:

//ஊர் கெட்டாலும் ரூபாய் கெடாது//

இதை மலையகத்துக்காரன் நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1930-களின் மந்தத்தில் தேயிலையும் இறப்பரும் விழுந்தன. இந்திய ரூபாய்க்கு எதிரே நம் ரூபாயின் மதிப்பு ஒரு சதமும் குறையவில்லை. குறைந்தது எங்கள் தோட்டத் தொழிலாளிகளின் பேர்க்கூலி (நாட்கூலி). தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன, ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நாணய மாற்று வீதம் கெட்டியாக நின்றது என்று பெருமையாக எழுதுகிறவர்கள், அது எதன் மேல் ஏறி நின்றது என்று எழுதுவதில்லை.

அதற்காக மத்திய வங்கி வந்ததும் எங்களுக்குப் பால் வார்த்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அது திறந்த காலத்திலேதான் எங்கள் ஆட்களின் குடியுரிமையும் போயிருந்தது.

தேவகோட்டைமீனா:

இந்த இழையில் செட்டியார் பேச்சே வரவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். 🙂

எங்கள் ஐயாவின் அப்பச்சி கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். செட்டியார் தெருவில் கிட்டங்கி (தொழில் நடத்தும் கூடம்). பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, கடைசியில் மேலாளாக இருந்திருக்கிறார். வீட்டில் இன்னும் இரண்டு பேரேடு கிடக்கிறது. கரையான் தின்றது போக மிச்சத்தில் நடப்பு வட்டிக் கணக்கு அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கும்.

அங்கே வங்கி நடந்த விதம் இதுதான். வெள்ளைக்கார வங்கிகள் ஏற்றுமதி இறக்குமதிக்கும் துரைமார் தோட்டத்துக்கும்தான் கடன் கொடுக்கும். சிங்களவரோ யாழ்ப்பாணத்தவரோ நேரே போய் நின்றால் வாசற்படிகூட ஏற முடியாது. உள்ளே போக ஷ்ராப் என்று ஒரு ஆள் ஜாமீன் நிற்க வேண்டும். ஆனால் செட்டியாரைத் தெரியும். அவருக்கு என்றே தனி வட்டி, 'செட்டி வட்டி' என்றே வங்கியில் பெயர். அங்கே வாங்கி, மேலே கொஞ்சம் வைத்து, கடைக்காரருக்கும் தென்னந்தோட்டக்காரருக்கும் புரோநோட்டின் மேல் கொடுப்பார்கள். ஊர்க்காரர்களுக்குக் கடன் கிடைத்த வழியே அதுதான்.

1925-இல் பேர்போன ஒரு செட்டியார் கடை முறிந்தது. வங்கிகள் பயந்து எல்லாச் செட்டியாருக்கும் கையைச் சுருக்கின. பிறகு மந்தம். கடன் வாங்கியவர்கள் கட்ட முடியவில்லை, அடமான நிலமெல்லாம் செட்டியார் பேருக்கு வந்தது. நிலம் வந்ததை யாரும் லாபமாக நினைக்கவில்லை. பணமாகப் போட்டவருக்குத் தென்னந்தோப்பு எதற்கு? ஆனால் ஊர்க்காரர்களுக்கு வயிறெரிந்தது. அதிலும் நியாயம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

என் கேள்வி இதுதான். அந்த நேரத்தில் கரன்சி போர்டு என்ன செய்தது?

பழையபேரேடு:

ஒன்றும் செய்யவில்லை ஆச்சி. செய்ய அதனிடம் எதுவும் இல்லை. வங்கிக்குக் கடன் கொடுக்கும் அதிகாரம் கிடையாது, வங்கிகளைக் கண்காணிக்கும் வேலையும் கிடையாது. கொழும்பில் கடன் சுருங்கியதை அது வேடிக்கைகூடப் பார்க்கவில்லை. அதன் கண்ணில் படுவது தாள் மட்டும்தான்.

நீங்கள் சொன்ன அந்தக் கோபம்தான் 1934-இல் வங்கி ஆணைக்குழுவாக வந்தது. பம்பாயிலிருந்து சொராப்ஜி போச்கானாவாலாவைத் தலைவராகக் கூப்பிட்டார்கள். சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவை உருவாக்கியவர். அந்த அறிக்கையின் வழியாக 1939 ஓகஸ்ட் 1-ஆம் திகதி இலங்கை வங்கி திறந்தது. உள்ளூர்க்காரன் வாசற்படி ஏறக்கூடிய முதல் பெரிய வங்கி. அப்படிப் பார்த்தால் மத்திய வங்கிக்கு முன்னோடி வேலை 1934-இலேயே தொடங்கிவிட்டது.

தங்கக்காசு:

இலங்கை வங்கி வந்ததே போதுமே! கடன் கொடுக்க அது, ரூபாயைக் காக்க கரன்சி போர்டு. இரண்டும் இருக்கும்போது மூன்றாவது எதற்கு?

வல்வைச்சோழகம்:

எதுக்கெண்டால், உங்கட இந்திய ரிசர்வ் வங்கிதான் எங்கட ரூபாயின்ர விலையை முடிவு செய்தது. ஒண்டுக்கு ஒண்டு எண்டு இந்திய ரூபாயோட கட்டிப்போட்டால் வேற என்ன நடக்கும்? 1949 செப்டம்பரில லண்டன் பவுணை 30 வீதத்துக்கு மேல இறக்கிச்சு. டில்லியும் அதே அளவு இறக்கிச்சு. கொழும்பும் இறக்கிச்சு. 3 ரூபாய் 30 சதம் சொச்சம் இருந்த டொலர் 4.76 ஆனது அப்பிடித்தான். நீங்கள் முதல் பதிவில கொண்டாடின அந்த 4.76, உண்மையில மதிப்பு இறக்கின பிறகு வந்த விலை. கரன்சி போர்டு காலத்திலதான் அது நடந்தது!

பாகிஸ்தான் மாத்திரம் நான் இறக்கமாட்டன் எண்டு நிண்டது. நிக்க அவைக்குச் சொந்த மத்திய வங்கி இருந்தது, 1948-இல திறந்தது. நல்லதோ கெட்டதோ, முடிவு அவையின்ர.

தங்கக்காசு:

இது நல்ல அடி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொந்த முடிவு என்று கேட்டு வாங்கிய இலங்கை அந்த அதிகாரத்தை வைத்து 1950-இல் என்ன செய்தது? 4.76-ஐ அப்படியே வைத்துக்கொண்டது. அப்புறம் 1967-இல் பவுண் இறங்கியதும் தானும் இறங்கியது, பவுணைவிட அதிகமாகவே. இதற்கு ஒரு மாளிகை கட்ட வேண்டுமா?

பழையபேரேடு:

1950-இல் என்ன செய்தார்கள் என்பதற்கு வருகிறேன். இந்த இழையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

சுதந்திரம் 1948 பெப்ரவரி 4. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. அதே வருடமே மத்திய வங்கிக்கு ஒரு நிபுணர் வேண்டும் என்று கேட்டார். கேட்டது இங்கிலாந்து வங்கியை அல்ல, அமெரிக்க அரசாங்கத்தை. அப்போதுதான் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போன வீட்டுக்காரனிடமே ஆலோசனை கேட்பானேன் என்று நினைத்திருக்கலாம். ஃபெடரல் ரிசர்விலிருந்து எக்ஸ்டர் வந்தார். அதற்குச் சற்று முன்னர் பிலிப்பைன்ஸில் இதே வேலைக்கு ஆலோசகராக இருந்தவர்.

அந்தக் காலத்தில் ஃபெடரல் ரிசர்வில் ஒரு புதுப் பள்ளி இருந்தது. பொருளியலாளர் ரொபர்ட் டிரிஃபின் 1944-இல் பராகுவேக்கு எழுதிக் கொடுத்த சட்டத்தோடு அது ஆரம்பம். விளைபொருள் ஒன்றிரண்டை நம்பி இருக்கும் சிறிய நாட்டில், உலக விலை விழும்போதெல்லாம் உள்ளூர்க் காசும் சேர்ந்து வற்றக் கூடாது, நல்ல காலத்தில் அள்ளி வைத்துக் கெட்ட காலத்தில் விடவேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஹட்டன்மூடுபனி எழுதியதற்கு அவர்கள் சொன்ன மருந்து அது.

எக்ஸ்டருக்குத் துணையாக இருந்தவர் என்.யூ. ஜயவர்தன. அறிக்கை 1949 நவம்பரில் வந்தது. அதையொட்டி 1949-ஆம் ஆண்டின் 58-ஆம் இலக்க நாணய விதிச் சட்டம். வங்கிக்கு மூலதனம் 1.5 கோடி ரூபாய். நாணயச் சபையில் மூன்றே பேர்: ஆளுநர், திறைசேரியின் நிரந்தரச் செயலாளர், வெளியிலிருந்து ஒருவர். இந்த நடு ஆளை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன். வங்கி திறந்த மறுநாள், ஓகஸ்ட் 29, இலங்கை சர்வதேச நாணய நிதியத்தில் உறுப்புரிமை பெற்றது.

மட்டுநகரான்:

முதல் தாளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 1951 திகதியிட்ட பத்து ரூபாய் என்னிடம் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ராஜா ஆறாம் ஜோர்ஜின் முகம். சிங்களத்திலும் தமிழிலும் 'பத்து ரூபாய்'. கீழே இரண்டு கையெழுத்து: நிதியமைச்சர் ஜே.ஆர்., ஆளுநர் எக்ஸ்டர். சுதந்திர நாட்டின் நாணயம், படம் இங்கிலாந்து ராஜாவுடையது, கையெழுத்தில் ஒன்று அமெரிக்கருடையது!

தேவகோட்டைமீனா:

படம் எடுத்துப் போடுங்களேன் அண்ணா.

மட்டுநகரான்:

மடிப்பில் கிழிந்திருக்கிறது. ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன்.

பழையபேரேடு:

தொடர்கிறேன். அதே கோடையில் இன்னொரு மத்திய வங்கியும் திறந்தது. தென் கொரியாவில், 1950 ஜூன் 12. அதற்கும் சட்டம் எழுதிக் கொடுத்தவர்கள் ஃபெடரல் ரிசர்விலிருந்து போனவர்கள்தான். இரண்டு வாரத்தில் அங்கே போர் வெடித்தது. அந்தப் போர்தான் கொழும்பு வங்கிக்கு வந்த முதல் சோதனை, அதுவும் செல்வமாக வந்த சோதனை.

போருக்கு இறப்பர் வேண்டும். விலை எகிறியது. தேயிலையும் நல்ல விலை போனது. வெளிநாட்டுக் காசு கொட்டியது. கரன்சி போர்டாக இருந்தால் அவ்வளவும் தாளாக ஊருக்குள் இறங்கியிருக்கும். புது வங்கி என்ன செய்தது? வர்த்தக வங்கிகள் தன்னிடம் கட்டாயமாக வைக்கவேண்டிய ஒதுக்கைக் கூட்டியது. அரசாங்கம் ஏற்றுமதித் தீர்வையை ஏற்றியது. திட்டத்தில் எழுதிய முதல் பாதி இது, நல்ல காலத்தில் அள்ளி வைப்பது. ஓரளவுக்குச் செய்தார்கள்.

மறு பாதியில்தான் சறுக்கல். 1952-இல் இறப்பர் விலை சரிந்தது, அரிசி விலை ஏறியது. அமெரிக்கா சீனாவுக்குப் போர்ப் பொருள் விற்கக் கூடாது என்று நின்றபோது, இலங்கை அந்த டிசம்பரில் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் போட்டது. ஐந்து வருடத்துக்கு, வருடம் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி வாங்குவது. அமெரிக்க உதவி நின்றது. மத்திய வங்கி ஆளுநர் நாற்காலியில் அப்போதும் இருந்தவர் அமெரிக்கர் என்பதை நினைத்துப் பாருங்கள்!

பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி கொத்துக்கு (ஓர் அளவுக்கு) 25 சதம். அதற்கும் அடக்க விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் திறைசேரி தாங்கியது. அது வரவு செலவுத் திட்டத்தைத் தின்றது, வெளிநாட்டு ஒதுக்கு கரைந்தது. 1953 ஜூலையில் ஜே.ஆர். ஒரே அடியில் கொத்தை 70 சதமாக்கினார்.

ஹட்டன்மூடுபனி:

அடுத்து ஓகஸ்ட் 12 ஹர்த்தால். தண்டவாளத்தைக் கழற்றினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி 55 சதத்துக்கு இறங்கியது.

பழையபேரேடு:

ஆம். இலங்கை மத்திய வங்கியின் கதையைக் கேட்கிறவர்களுக்கு நான் 1950-ஐக் காட்டமாட்டேன், 1953-ஐக் காட்டுவேன். அதற்குப் பிறகு நெடுங்காலம் வந்த நிதியமைச்சர்கள் அரிசி மானியத்தில் கை வைக்கப் பயந்தார்கள். 1962-இல் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க ஒரு கொத்தில் கொஞ்சம் குறைக்கப் பார்த்தார், பதவியே போனது. செலவைக் குறைக்க முடியாது, வரியும் போதாது என்றால் மிச்சக் காசு எங்கிருந்து வரும்?

சட்டத்தில் இரண்டு வாசல் இருந்தது. ஒன்று தற்காலிக முற்பணம். வருட ஆரம்பத்தில் வரி வந்து சேரும் முன்னர் செலவு நிற்கக் கூடாது என்பதற்காக, மதிப்பிட்ட வருமானத்தில் 10 வீதம் வரை அரசாங்கம் வட்டியில்லாமல் வாங்கலாம், ஆறு மாதத்தில் திருப்ப வேண்டும். எக்ஸ்டர் இதற்கு நல்ல பூட்டுத்தான் போட்டிருந்தார். பின்னாட்களில் என்ன நடந்தது? பழையதைக் கட்டின மாதிரிக் காட்டிப் புதிதை எடுத்தார்கள். வருமான மதிப்பீடு வருடா வருடம் ஏறியது, அந்த 10 வீதமும் கூடவே ஏறியது.

இரண்டாவது வாசலுக்குப் பூட்டே பலமில்லை. திறைசேரி உண்டியலை, அதாவது அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரத்தை, மத்திய வங்கியே வாங்கலாம். மொத்தம் எவ்வளவு உண்டியல் வெளியிடலாம் என்பதைப் பாராளுமன்றம் தீர்மானிக்கும். அந்த எல்லையை எட்டினால் பாராளுமன்றம் எல்லையை உயர்த்தும். வங்கி உண்டியலை வாங்கி அரசாங்கத்தின் கணக்கில் காசை எழுதும். அந்தக் காசுக்குப் பின்னால் தேயிலைப் பெட்டி கிடையாது.

நான் முன்னர் சொன்ன அந்த நடு ஆள், திறைசேரிச் செயலாளர். கடன் கேட்கிறவரும் அவர்தான், கொடுப்பதா என்று முடிவு செய்யும் மூவரில் ஒருவரும் அவர்தான். சபைக்கும் அமைச்சருக்கும் தீராத கருத்து வேறுபாடு வந்தால் அரசாங்கம் பொறுப்பேற்றுப் பணிப்புக் கொடுக்கலாம் என்றும் சட்டத்தில் இருந்தது. ஆக வங்கி பிறந்தது பிழையில்லை. பிள்ளையைப் பெற்றுச் செலவாளி வீட்டிலேயே தத்துக் கொடுத்ததுதான் பிழை.

தங்கக்காசு:

நான் சொன்னதையே நீங்களும் சுற்றிவளைத்துச் சொல்கிறீர்கள் ஐயா. எந்த வாசல் வைத்தாலும் அரசியல்வாதி நுழைவான். வாசலே இல்லாத வீடு கரன்சி போர்டு. அதனால்தான் அது நல்லது என்கிறேன்.

பழையபேரேடு:

வாசல் இல்லாமலிருந்தது சட்டத்தால் இல்லை, காலனி ஆட்சி என்பதால். 1931-இலிருந்து எல்லோருக்கும் வாக்குரிமை. வாக்குப் போட்டவன் அரிசி கேட்பான், பள்ளிக்கூடம் கேட்பான், ஆஸ்பத்திரி கேட்பான், கேட்கவும் வேண்டும். 1953-இல் கரன்சி போர்டு இருந்திருந்தால் அதே பாராளுமன்றம் ஒரே மாலைக்குள் அதைத் திருத்தியிருக்கும். 1884-இல் கட்டளைச் சட்டமாக வந்தது, 1941-இல் மாறியது. கல்வெட்டா அது?

வல்வைச்சோழகம்:

ஐயா சொல்லுறதில எனக்கு ஒரு பாதி மட்டும் சரி. பாராளுமன்றம் திருத்தும் எண்டது உண்மை. ஆனால் திருத்த வெளிச்சத்தில வரவேணும், விவாதம் வரும், பேப்பரில வரும். உண்டியலை வங்கி வாங்கினால் ஆருக்குத் தெரியும்? வாராந்த அறிக்கையில ஒரு வரி. கரன்சி போர்டு அரசியல்வாதியைத் தடுத்திராது, ஆனால் அவன் செய்யுறது ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். தங்கக்காசு தம்பியின்ர கட்சிக்கு நான் குடுக்கக்கூடிய மார்க்கு அவ்வளவுதான்.

ஹட்டன்மூடுபனி:

என்.யூ. ஜயவர்தனவைப் பற்றி ஒரு வரி சேர்க்கவேண்டும். எக்ஸ்டர் 1953-இல் போனதும் முதல் இலங்கையராக ஆளுநரானவர். தெற்கிலே ஒரு சாதாரணக் குடும்பத்திலிருந்து எழுத்தர் வேலையில் தொடங்கி மேலே வந்த ஆள். அடுத்த வருடமே விசாரணைக் குழு வைத்து இறக்கினார்கள். அவர் பக்கம் பிழை இருந்ததா இல்லையா என்பது வேறு கதை. ஆளுநர் நாற்காலி எவ்வளவு லேசாக ஆடும் என்று வங்கி திறந்து நாலு வருடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பழையபேரேடு:

சரியாகச் சொன்னீர்கள். அவருக்குப் பிறகு வந்தவர் ஆர்தர் ரணசிங்க, அரச சேவையில் பழுத்தவர். நிர்வாகி. அரசாங்கத்தோடு முட்டிக்கொள்ளாத ஆட்களைப் பார்த்துப் போடும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

மட்டுநகரான்:

2023-இல் வந்த 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்த இரண்டு வாசலையும் சாத்திவிட்டதா?

பழையபேரேடு:

எழுத்தில் சாத்தியிருக்கிறது. பழைய நாணய விதிச் சட்டம் போய்விட்டது. அரசாங்கத்துக்கு நேரே கடன் கொடுக்கவும், முதல் விற்பனையில் திறைசேரி உண்டியல் வாங்கவும் வங்கிக்குத் தடை. சில விதிவிலக்குகள் உண்டு. திறைசேரிச் செயலாளர் சபையில் இல்லை. 73 வருடம் எடுத்தது.

தேவகோட்டைமீனா:

மத்திய வங்கி வந்ததால் செட்டியார்களுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பணம் அனுப்ப அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. 1953-இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, அதை நடத்தியது இதே மத்திய வங்கிதான். கட்டுப்பாடுகள் வருவதற்கு முன் உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) எழுதினால் தேவகோட்டையில் பணம் எண்ணிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பேரேட்டில் 1950-களில் வரவை விட 'அங்கே நிற்கிறது' என்ற குறிப்புத்தான் அதிகம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு வரவே இல்லை. விற்ற தோப்புக் காசும் அங்கேயே நின்றுபோயிற்று.

வல்வைச்சோழகம்:

அக்கா, அந்தப் பேரேட்டுப் பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கோ. தங்கக்காசு தம்பி, 1970-இல நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபாய்த் தாளைச் செல்லாதெண்டு அறிவிச்ச கதைக்கு வேற இழை திறங்கோ. எங்கட பெரியப்பா தலையணைக்குள்ள வைச்சிருந்தவர், எழுத நிறைய இருக்கு.

தங்கக்காசு:

திறந்துவிட்டேன் அண்ணே, 'பணத்தாள்' பகுதியில் பாருங்கள். கரன்சி போர்டு பற்றி நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, அங்கேயும் பேசுவேன்.